காலையில் மட்டும் கசிந்த ஹோஸ்

மிட்சுபிஷி கன்டர், 4டி33 எஞ்சின், நான்கு சிலிண்டர், 4,214 சிசி. நுவரெலியாவிலிருந்து தம்புள்ளைக்கு லீக்ஸ், கரட், கோவா ஏற்றிப் போகும் லொறி. திரும்பும்போது பெரிய வெங்காயம், அரிசி, சில நாள் தேங்காய். தலவாக்கலையில் நாங்கள் வேலை செய்யும் கராஜுக்கு அது வந்தபோது லொறிக்கார அண்ணன் சொன்ன முறைப்பாடு ஒரே வரிதான்: "தண்ணி குடிக்குது தம்பி, எங்க போகுதுன்னுதான் தெரியல."

காலையில் கிளம்புமுன் ரேடியேட்டருக்கு ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றுவது கிளீனர் தம்பியின் வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. இரண்டு மாதமாக இப்படித்தானாம். எங்களுக்கு முன் இரண்டு இடங்களில் காட்டியிருக்கிறார்கள். முதல் இடத்தில் ரேடியேட்டர் மூடியையும், எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குச் சூடான தண்ணீர் போகும் ரப்பர் குழாயான மேல் ஹோஸையும் மாற்றினார்கள். குறைவது நிற்கவில்லை. இரண்டாவது இடத்தில் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, வெளியே ஒரு சொட்டும் இல்லை, அப்படியானால் உள்ளேதான் போகிறது, ஹெட் கெஸ்கட் (எஞ்சின் கட்டைக்கும் அதன் மேல் பாகமான ஹெட்டுக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் தகடு) போய்விட்டது என்று முடிவு சொல்லி ஹெட்டைக் கழற்ற நாள் குறித்துவிட்டார்கள். செலவைக் கேட்டு அண்ணன் திரும்பி வந்துவிட்டார்.

இரண்டு கராஜுமே கீழ்நாட்டில், வெக்கையான ஊர்களில் இருந்தவை. இரண்டு இடத்திலும் லொறி போய் நின்றது மதியத்துக்கு மேல், எஞ்சின் நல்ல சூட்டில் இருந்த நேரம். இந்த விவரம் ஆரம்பத்திலேயே என் காதில் விழுந்தது. அதற்கு ஓர் அர்த்தம் இருக்கும் என்று எனக்கு உடனே தோன்றவில்லை.

லபுக்கலை ஏற்றம்

எங்களிடம் வருவதற்கு மூன்று நாள் முன்புதான் விஷயம் முற்றியது. நுவரெலியாவில் லோட் ஏற்ற இரவு வெகுநேரமாகி, நடுச்சாமத்தில் அவசரமாகக் கிளம்பியதில் அந்த ஒரு போத்தல் தண்ணீரை ஊற்ற மறந்துவிட்டார்கள். தம்புள்ளையில் இறக்கி, அரிசி ஏற்றிக்கொண்டு கம்பளை, புசல்லாவை வழியாக மேலே ஏறியிருக்கிறார்கள். கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர், நுவரெலியா 1,868. இறம்பொடையைத் தாண்டினால் லபுக்கலை வரை வளைவுக்கு மேல் வளைவு. பாரம் இருந்தால் இரண்டாம் கியரை விட்டு ஏற விடாது. எஞ்சின் உயிரைக் கொடுத்து உழைக்கும், வண்டியோ ஊரும். முன்னாலிருந்து அடிக்கிற காற்று அந்த வேகத்தில் ஒன்றுமில்லை. ஃபேன் இழுப்பதை நம்பித்தான் ஓட வேண்டும்.

இறம்பொடைக்கு மேலே டெம்பரேச்சர் மீட்டரின் முள் ஏறத் தொடங்கி முக்காலுக்கு வந்தது. ஓரம்கட்ட அகலமான இடம் பார்த்துக்கொண்டே அண்ணன் போகையில் முள் தானாக இறங்கியது. பாதிக்கும் கீழே வந்துவிட்டது. "அப்பாடா, சூடு இறங்கிடுச்சுன்னு நெனச்சேன்" என்றார். அந்த நினைப்பில் இன்னும் இரண்டு வளைவு ஓட்டியிருக்கிறார். அப்புறம் இழுவை விழுந்தது, கேபினுக்குள் காய்ந்த ரப்பர் வாடை வந்தது.

முள் விழுந்தது சூடு இறங்கியதால் அல்ல. சென்சர் தண்ணீரில் மூழ்கியிருக்கும் வரைதான் அது தண்ணீரின் சூட்டைச் சொல்லும். மட்டம் அதற்குக் கீழே போய்விட்டால் ஆவியிலும் காற்றிலும் தொங்கிக்கொண்டிருக்கும். காற்று தண்ணீரைப் போலச் சூட்டைக் கொண்டுவந்து சேர்க்காது, முள் விழுந்துவிடும். ஏற்றத்தில், பாரத்தோடு, காரணமில்லாமல் முள் இறங்கினால் அது ஏறுவதைவிடக் கெட்ட அடையாளம். டிரைவர்மாரிடம் இதைச் சொன்னால் தலையை ஆட்டுவார்கள். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரியும்.

கிளீனர் தம்பி சாக்கை மடித்துப் பிடித்து மூடியைத் திருகியிருக்கிறான். மணிக்கட்டில் வெந்த இடம் எங்களிடம் வரும்போதும் சிவந்துதான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அண்ணன் அவசரப்படவில்லை. ஒரு மணி நேரம் ஆறவிட்டு, பக்கத்துத் தோட்டத்துப் பீலியில் தண்ணீர் பிடித்துவந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டியிருந்தால் ஹெட் வெடித்திருக்கலாம். அப்போது இரண்டாவது கராஜ்காரர் சொன்னது வேறு வழியில் உண்மையாகியிருக்கும்.

மேலே போகப் போகத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும்

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கீழ்நாட்டில் ஓடும் லொறிக்கும் நம் பக்கத்து லொறிக்கும் உள்ள வித்தியாசமே இங்கேதான்.

கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். சுமார் 300 மீட்டர் ஏறினால் ஒரு பாகை குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். தலவாக்கலை உயரத்தில் 96 பாகை அளவில், நுவரெலியாவில் 94 பாகைகூட இல்லாமல் கொதித்துவிடும். நுவரெலியாவில் பருப்பு வேக நேரம் எடுப்பதும் இதனால்தான். ரேடியேட்டர் மூடி தண்ணீரை அழுத்தத்தில் வைத்துக் கொதிநிலையை உயர்த்துகிறது. 0.9 பார் மூடி ஒழுங்காக வேலை செய்தால் கடல் மட்டத்தில் 119 பாகை, நுவரெலியாவில் 115 பாகை வரை தண்ணீர் கொதிக்காமல் நிற்கும். ஆனால் எங்கேயாவது ஒரு ஹோஸில் கசிவு இருந்தால் அழுத்தம் நிற்காது. அப்போது மேலே மிஞ்சுவது அந்த 94தான்.

எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாத தெர்மோஸ்டாட் வால்வு, டீசல் லொறிகளில் பெரும்பாலும் 76 முதல் 82 பாகைக்குள் திறக்கத் தொடங்கும். அதாவது எஞ்சின் சாதாரணமாக ஓடும் சூட்டுக்கும் கொதிக்கும் சூட்டுக்கும் நடுவே, கசிகிற ஹோஸோடு லபுக்கலையில் ஏறும் லொறிக்கு, பத்துப் பன்னிரண்டு பாகை இடைவெளிதான். அதே கசிவோடு கொழும்புத் தெருக்களில் மாதக்கணக்கில் ஓட்டலாம். இங்கே முடியாது.

தேடியது

முதலில் ஹெட் கெஸ்கட் பயத்தைத் தீர்த்துக்கொண்டோம். ஆறிய எஞ்சினில் மூடியைக் கழற்றி, வாய்வரை தண்ணீர் நிரப்பி ஸ்டார்ட் செய்தோம். கெஸ்கட் போயிருந்தால் எரிந்த வாயு தண்ணீருக்குள் வந்து குமிழி விடும். குமிழி இல்லை. பிறகு மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்தபோது ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லாக இறுகவும் இல்லை. எண்ணெய் அளவுக் கம்பியில் பால் நிறம் இல்லை, சூடான பின் புகைக்குழாயில் வெள்ளைப் புகை இல்லை. ஹெட்டில் கை வைக்க வேண்டாம் என்று அண்ணனிடம் சொன்னோம். அவர் முகத்தில் பாதி பாரம் அப்போதே இறங்கியது.

அடுத்து மூடி இருக்கும் இடத்தில் கைப் பம்பைப் பூட்டி 0.9 பார் அழுத்தம் கொடுத்துப் பார்த்தோம். எஞ்சின் சூடாகத்தான் இருந்தது. கால் மணி நேரம் பம்பின் அழுத்த முள் அசையவில்லை. டார்ச் அடித்து ஒவ்வொரு மூட்டையும் பார்த்தோம், காய்ந்து கிடந்தது. ஆக முதல் இரண்டு பேர் ஏமாந்த அதே இடத்தில் நானும் போய் நின்றேன். எஞ்சினின் பின்பக்கம், கியர்பெட்டி வரை, துருக் கலரில் தெறித்த தடம் மட்டும் இருந்தது. அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று காற்றைப் பின்பக்கமாகத் தள்ளுகிறது. முன்னால் எங்கே ஒரு சொட்டு விழுந்தாலும் அதைப் பின்னால் கொண்டுபோய்ப் பூசிவிடும்.

தேநீர் குடிக்கும்போதுதான் பேச்சுவாக்கில் கேட்டேன்: காலையில் லொறிக்கு அடியில் ஈரம் இருக்குமா?

"இருக்கும். நுவரெலியாவில விடியக்காலையில எதுதான் தம்பி ஈரமில்ல?"

நியாயமான பதில். பனியும் தூறலும் உள்ள ஊரில் தரையில் ஈரத்தைப் பார்த்து யார் என்ன கண்டுபிடிப்பது? சரி, லொறியை இரவு இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள் என்றோம். பிஸ்கட் பெட்டி அட்டைகளை விரித்து எஞ்சினுக்கு அடியில் போட்டோம். நான்கு மூலையிலும் கல் வைத்து, ரேடியேட்டர் எந்தப் பக்கம் என்று அட்டையில் பென்சிலால் குறித்தும் வைத்தோம். ஜனவரி மாதம். காலை ஐந்தரைக்கு வந்தபோது கையைச் சட்டைப் பையை விட்டு எடுக்க மனம் வரவில்லை.

அட்டையின் நடுப்பகுதி தேத்தண்ணி நிறத்தில் ஊறித் தொய்ந்து கிடந்தது. எஞ்சினைத் தொடாமல் அப்படியே பம்பைப் பூட்டினோம். முந்தின நாள் கால் மணி நேரம் அசையாத முள், 0.5 பாரைத் தாண்டுமுன்பே சறுக்கியது. ஃபேன் பெல்ட்டுக்குப் பின்னால் சிறிய கண்ணாடியை நீட்டி டார்ச் அடித்தபோது தெரிந்தது: ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் திரும்பி வரும் கீழ் ஹோஸ் வாட்டர் பம்பின் வாயில் பூட்டியிருக்கும் இடம், அதை இறுக்கிப் பிடிக்கும் கிளிப்புக்கு நேர் அடிப்பக்கம். ஒரு சொட்டு உருண்டு வந்து, நின்று, கனத்து, விழுந்தது. மூன்று வினாடிக்கு ஒன்று. ஓர் இரவுக்கு ஒரு போத்தல் என்ற கணக்குக்கு அது சரியாகவே வந்தது.

எஞ்சினை ஸ்டார்ட் செய்து இருபது நிமிடம் ஓடவிட்டோம். சொட்டு நின்றுவிட்டது.

பழைய ரப்பர் பல வருடம் கிளிப்பின் கீழ் நசுங்கியே கிடந்ததால் திரும்பி எழும்பும் தன்மையை இழந்துவிடுகிறது. குளிரில் அது சுருங்கி விறைக்கும்போது கிளிப்பின் பிடி தளர்கிறது. சூட்டில் ரப்பரும் பம்பின் வாயும் விரிய, இடைவெளி அடைபடுகிறது. கீழ்நாட்டில், மதிய வெயிலில், சூடான எஞ்சினில் பார்த்தவர்களுக்கு அது தெரியாமல் போனது அவர்களுடைய கைக்குறை இல்லை. ஆனால் தெரியவில்லை என்பதற்காக ஹெட்டைக் கழற்றச் சொன்னதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

சூட்டில் அடைபடுகிறது என்றால் லபுக்கலையில் ஏன் போனது? போன தண்ணீரில் ஒரு பங்கு முந்தின இரவின் குளிரிலேயே கசிந்திருந்தது, அதை ஈடுகட்டும் போத்தலை ஊற்ற மறந்திருந்தார்கள். மீதிக்கு, கீழ் கியரில் முழு இழுவையில் எஞ்சின் அதன் ரப்பர் தாங்கிகளில் ஒரு பக்கமாகச் சரியும். ரேடியேட்டர் சட்டத்தோடு நிற்கும், எஞ்சின் அசையும், நடுவில் இழுபடுவது ஹோஸ். கராஜில் சும்மா நிற்கும் எஞ்சினில் அந்த இழுப்பு வருவதேயில்லை.

கழற்றியபோது

கேபினைச் சாய்த்து, தாங்கு கம்பி பூட்டு விழுந்ததை இரண்டு தரம் பார்த்துக்கொண்டோம். ரேடியேட்டரின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடித்தோம். வாளியில் விழுந்தது கூலன்ட் (துருப்பிடிக்காமல் காக்கும் மருந்துத் திரவம்) இல்லை, செங்கல் கரைத்த தண்ணீர். பழைய ஹோஸைப் பிடித்து முறுக்கி இழுக்கக் கூடாது. ரேடியேட்டரின் வாய் மெல்லிய தகடு, முறுக்கினால் அது கிழியும். கத்தியால் நீளவாக்கில் கீறி வாழைப்பழத் தோல் போல உரித்து எடுத்தோம்.

உரித்த ஹோஸை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது விஷயம் முழுதாக விளங்கியது. வெளிப்பக்கம் குறை சொல்ல முடியாத கறுப்பு. உட்பக்கம் பம்ப் முனையிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் நீளவாக்கில் மயிரிழை போல ஐந்தாறு வெடிப்பு. அதில் ஒன்றை நகத்தால் பிரித்தால் உள்ளே நூல் பின்னல் ஊறிப்போய்த் தெரிந்தது. இது வெளிச் சூட்டால் வரும் வெடிப்பு இல்லை. பம்பின் உலோகம், ஹோஸ், நடுவே தண்ணீர் மூன்றும் சேர்ந்து ஒரு பலவீனமான பெட்டரி போல வேலை செய்கின்றன. அந்த மின்வேதி அரிப்பு ஹோஸை உள்ளேயிருந்து, முனைப் பக்கத்தில் தின்னும். எனவே ஹோஸ் நல்லதா என்று நடுவில் அமுக்கிப் பார்த்துப் பயனில்லை. எஞ்சின் ஆறிய பின் முனைக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் நசுக்கிப் பார்க்க வேண்டும். நடுப்பகுதியைவிட அங்கே தொளதொளப்பாகவோ உள்ளே பள்ளம் விழுந்த மாதிரியோ இருந்தால் அதன் காலம் முடிந்தது.

பம்பின் வாயோ அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி குழி குழியாக இருந்தது. அதன் மேல் யாரோ முன்பு பூசிய சிலிகோன் பசையின் மிச்சம். அதை அப்படியே விட்டுப் புது ஹோஸைப் போட்டிருந்தால் மூன்று மாதத்தில் இதே அட்டையை மறுபடியும் விரித்திருப்போம். பசையைச் சுரண்டி, மெல்லிய எமரித் தாளைச் சுற்றுவாக்கில் மட்டும் ஓட்டித் தேய்த்தோம். நீளவாக்கில் தேய்த்தால் கீறல் ஒவ்வொன்றும் தண்ணீருக்கு வாய்க்கால்.

இரண்டு ஊர்த் தண்ணீர்

ரேடியேட்டரில் அந்தச் செங்கல் நிறம் எப்படி வந்தது என்று கேட்டால், அந்த லொறி குடித்த தண்ணீரைப் பார்க்க வேண்டும். மேலே பீலித் தண்ணீர், கீழே தம்புள்ளைக் கிணற்றுத் தண்ணீர், எது கிடைத்ததோ அது. நம் பக்கத்துத் தண்ணீர் மென்மையானது. கேத்தலில் படிவு விடாது, ஆனால் பாதுகாப்பு மருந்து இல்லாத இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். தம்புள்ளைப் பக்கத்து நிலத்தடித் தண்ணீர் கடினமானது. அங்கே கேத்தலின் அடியில் வெள்ளைப் பொருக்கு நிற்பதை யாரும் பார்த்திருக்கலாம். இந்த ரேடியேட்டர் இரண்டையும் மாறி மாறிக் குடித்து, துருவையும் பொருக்கையும் சேர்த்து வைத்திருந்தது. வரும் தண்ணீர் தெளிகிற வரை கழுவினோம். ஆறு தடவை ஆனது.

புது ஹோஸ்

ஹோஸ் வாங்கப் போன இடத்தில் முதலில் நீட்டியது மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் நேர்க் குழாய். வளைத்துப் போட்டால் ஆகிவிடும் என்றார்கள். மேல் ஹோஸுக்கு ஆபத்துக்கு அது ஓடும். கீழ் ஹோஸுக்கு ஓடாது. கீழ் ஹோஸ் பம்ப் உறிஞ்சும் பக்கம். எஞ்சின் வேகம் எடுக்கும்போது உள்ளே உறிஞ்சல் கூடும், வளைவில் மடிந்த குழாய் அப்படியே ஒட்டிக்கொள்ளும், ஏற்றத்தின் நடுவில் தண்ணீர் ஓட்டம் நின்றுவிடும். அதற்காகத்தான் சில கீழ் ஹோஸ்களுக்குள் சுருள் கம்பி வைக்கிறார்கள். அடுத்து வந்தது வளைவு சரியாக இருந்தும் உள்விட்டம் 2 மில்லிமீட்டர் பெரிது. "கிளிப்பை இறுக்கினா சரி" என்றார் கடைக்காரர். இறுக்கினால் ரப்பர் சுருக்கம் விழும், சுருக்கத்தின் அடியில் வழி உண்டாகும். வார்ப்பு வளைவுள்ள சரியான ஹோஸ் மறுநாள்தான் கிடைத்தது. ஒரு நாள் வருமானம் போனதில் அண்ணனுக்கு மனத்தாங்கல்தான்.

பூட்டும்போது கிரீஸ், எண்ணெய் எதுவும் தொடவில்லை. இந்த ரப்பர் எண்ணெயில் ஊதிவிடும். உள்வாயில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் போதும். பம்பின் வாயில் ஒரு மேட்டு வளையம் இருக்கிறது, கிளிப் அதற்கு உட்பக்கம் உட்கார வேண்டும். வளையத்தின் மேலேயே உட்கார்ந்தால் எவ்வளவு இறுக்கினாலும் ஒரு நாள் நழுவும். சாக்கெட் போட்டு இறுக்காமல் ஸ்க்ரூடிரைவரில், கை சொல்கிற அளவுக்கு நிறுத்தினோம். பழைய கிளிப்பைப் பார்த்தாலே தெரிந்தது, கசியக் கசிய யாரோ அதை முறுக்கி முறுக்கி ரப்பருக்குள் புதைத்திருந்தார்கள்.

தெர்மோஸ்டாட் மூடியையும் சும்மா ஒருமுறை திறந்து பார்த்தோம். உள்ளே வால்வே இல்லை. சூடு ஏறினால் வால்வைக் கழற்றி எறிவது நம் நாட்டில் பழைய வைத்தியம். பல டீசல் எஞ்சின்களில் அந்த வால்வின் கீழ்த்தட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு: சூடான பின் ரேடியேட்டரைச் சுற்றிப் போகும் குறுக்கு வழியை அடைப்பது. வால்வை எடுத்துவிட்டால் குறுக்கு வழி திறந்தே கிடக்கும், ஒரு பங்கு தண்ணீர் ரேடியேட்டரைப் பார்க்காமலே திரும்பும். ஏற்றத்தில் சூடு கூடும். இறக்கத்தில் நுவரெலியாக் குளிரில் எஞ்சின் சூடேறாமல் புகைக்கும். புது வால்வைச் சுடுதண்ணீர்ச் சட்டியில் வெப்பமானியோடு போட்டு, அதில் அடித்திருந்த எண்ணில் திறக்கிறதா என்று பார்த்த பிறகே பூட்டினோம்.

கூலன்டையும், பெட்டரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்து மெதுவாக ஊற்றினோம். மூடியைத் திறந்து வைத்து, வால்வு திறந்து ரேடியேட்டரின் அடி சூடாகும் வரை ஓடவிட்டு, ஹோஸ்களை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றினோம். இரண்டு லீட்டர் கூடப் பிடித்தது.

ஓட்டிப் பார்த்தது

மணல் மூட்டை ஏற்றி நானுஓயா வரை போய் வந்தோம். முள் பாதியில் ஏறி அங்கேயே நின்றது. மறுநாள் ஐந்தரைக்கு அட்டை காய்ந்திருந்தது, குளிரிலேயே 0.9 பார் கொடுத்தோம், நின்றது. லொறி போய்விட்டது.

மூன்றாம் நாள் அண்ணன் அழைத்தார். அட்டையில் மறுபடி சொட்டு. இந்த முறை ரேடியேட்டர் பக்க முனை. நான் பம்ப் பக்கத்துக்குப் புதுக் கிளிப் போட்டுவிட்டு, அந்தப் பக்கத்துப் பழைய கிளிப் நன்றாகத்தான் இருக்கிறது என்று அதையே பூட்டியிருந்தேன். திருகின் பல் தேய்ந்திருந்ததைக் கழற்றிப் பார்த்தபோதுதான் கண்டேன். சிக்கனம் என் யோசனை, அண்ணன் கேட்டதல்ல. புதுக் கிளிப்பை என் செலவில் போட்டு, ஆறிய எஞ்சினில் பம்ப் பக்கத்தையும் கால் திருகு கூட்டினேன். புது ரப்பர் இரண்டு மூன்று சூடு குளிர் கண்டதும் கொஞ்சம் அமுங்கும், அதை முதலிலேயே சொல்லி ஒரு வாரத்தில் வரச் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது மூன்று வாரம் ஆகிறது. ரிசர்வ் போத்தலில் நாங்கள் பேனாவால் போட்ட கோட்டிலேயே மட்டம் நிற்கிறது. முதல் கராஜில் போட்ட மேல் ஹோஸ் நல்ல ஹோஸ்தான், அதை அப்படியே விட்டுவிட்டோம். கிளீனர் தம்பி பழைய பழக்கத்தில் காலையில் தண்ணீர்ப் போத்தலோடு ரேடியேட்டர் பக்கம் போய் நிற்கிறானாம். கூலன்டில் வெறும் தண்ணீரை ஊற்றாதே என்று அண்ணன்தான் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறதாம்.